விளையாட்டு வினையாகட்டும்!

"விளையாட்டு வினையாகும்" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் பழமொழி. கைப்பேசியைக் கையில் எடுத்தால் பாட்டி சொல்வார். கணிப்பொறியின் முன் அமர்ந்தால் அம்மா சொல்வார். மதிப்பெண் குறைந்தால் அப்பா சொல்வார். வினை என்றால் கேடு என்ற பொருளில்தான் அவர்கள் அதைச் சொல்கிறார்கள். ஆனால் வினை என்னும் சொல்லுக்குச் செயல் என்றும் தொழில் என்றும் பொருள் உண்டு என்று எங்கள் தமிழாசிரியை கற்றுத் தந்தார்கள். அன்று முதல் எங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி. விளையாட்டு கேடாக முடியாமல், மதிப்புள்ள ஒரு தொழிலாக மலர்வதற்கு என்ன வேண்டும்? மின்விளையாட்டு எனப்படும் இ-ஸ்போர்ட்ஸை எடுத்துக்கொண்டு, எங்களுக்குத் தோன்றியதைப் பணிவுடன் கூற விரும்புகிறோம்.

பொழுதுபோக்காகக் கைப்பேசியைத் தட்டுவதெல்லாம் மின்விளையாட்டு ஆகாது. அணி, விதி, நடுவர், பயிற்சியாளர், போட்டி அட்டவணை ஆகிய அனைத்தும் அமைந்த போட்டியே மின்விளையாட்டு. சான்றாக 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐவர். கூடைப்பந்தில் உள்ளதைப் போலவே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒரு பொறுப்பு. ஏறத்தாழ அரைமணி நேரம் ஐவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே திட்டமிட்டு, எதிரணியின் கோட்டையைத் தகர்க்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளர் பதிவை மீண்டும் ஓடவிட்டு, எங்கே தவறினோம் என்று காட்டுவார். விரல் வேகம் மட்டும் இருந்தால் போதாது. நினைவாற்றல், நிதானம், கூட்டுறவு, தோல்வியைத் தாங்கும் உள்ளம் ஆகியவையும் வேண்டும். பணம் வைத்து ஆடும் ரம்மிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

நம் நாடும் இந்த வேறுபாட்டை மெல்ல உணர்ந்து வருகிறது. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது, இந்தியாவின் தீர்த் மேத்தா 'ஹார்த்ஸ்டோன்' ஆட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றார். 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டை விளையாட்டுத் துறையின்கீழ் கொண்டுவந்தது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் அது முழுப் பதக்கப் போட்டியாயிற்று. அங்கே நமக்குப் பதக்கம் கிட்டவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை வளர்க்க வேண்டிய துறை என்று தனியே பிரித்துக் காட்டியது.

ஆகவே வாசல் திறந்துவிட்டது. ஆனால் அந்த வாசலை அடையப் படிக்கட்டு இருக்கிறதா? இல்லை என்பதே எங்கள் கருத்து. படிக்கட்டு இல்லாததால் என்ன நேர்கிறது என்பதற்கு எங்கள் வகுப்பிலேயே ஒரு சான்று உண்டு.

எங்கள் தோழி ஒருத்தி கோடை விடுமுறையில், கல்லூரியில் படிக்கும் தன் அண்ணனின் கைப்பேசியில் ஆடத் தொடங்கினாள். நால்வர் கொண்ட அணி. அண்ணனின் பெயரிலேயே ஆடினாள். பேசாமல் எழுத்தில் மட்டுமே செய்தி அனுப்பினாள். விரைவில் அண்ணனையும் மிஞ்சிவிட்டாள். முகம் தெரியாத மற்ற மூவரும் அவள் காட்டிய வழியிலேயே சென்றார்கள். ஒருநாள் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டாள். சமையலறையிலிருந்து அழைத்த அம்மாவுக்கு, "இதோ வருகிறேன்" என்று அவள் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. ஆடியது ஒரு பெண் என்று தெரிந்ததும் அவர்கள் பேசியதை இந்த ஆண்டு மலரில் எழுத முடியாது. மறுநாள் அந்த அணியில் அவளுக்கு இடமில்லை.

காலாண்டுத் தேர்வு வந்தது. கணக்கில் 91 எடுத்துக்கொண்டிருந்தவள் 58-க்கு இறங்கினாள். அவளுடைய தந்தையார் கைப்பேசியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதே பருவத்தில் அண்ணனுக்கும் மதிப்பெண் குறைந்தது. அவனுக்குத் திட்டு மட்டும் கிடைத்தது. கைப்பேசி சில நாட்களில் அவனிடமே திரும்பிச் சென்றது.

தந்தையார் செய்தது முழுவதும் தவறு என்று நாங்கள் கூறமாட்டோம். அவள் இரவு ஒரு மணி வரை விழித்திருந்தது உண்மை. பிறர் பெயரில் ஆடியதும் சரியல்ல. அதை அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர அவளுக்கு ஓர் ஆசிரியர் இல்லை. என் மகளுக்கு இதில் உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று கேட்டறிய அந்தத் தந்தைக்கும் ஓர் ஆள் இல்லை. ஓட்டப்பந்தயம் என்றால் உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்டிருப்பார். பாட்டு என்றால் பாட்டு டீச்சரிடம் கேட்டிருப்பார். இதற்கு யாரிடம் போவார்? பூட்டு ஒன்றுதான் அவர் கைக்கு எட்டியது.

இனி, இத்துறையில் முன்னோடியான தென்கொரியாவைப் பார்ப்போம். 1997-ல் ஆசிய நாடுகளைப் பொருளாதார நெருக்கடி தாக்கியபோது அந்நாடு பெரிதும் தத்தளித்தது. அதன்பின் நாடெங்கும் அதிவேக இணைய இணைப்பு பரவியது. தெருவுக்குத் தெரு 'பிசி பாங்' என்னும் கணிப்பொறிக் கூடங்கள் தோன்றின. 1998-ல் 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் ஆட்டம் வெளிவந்து இளைஞர்களை ஈர்த்தது. 2000-ஆம் ஆண்டிலேயே அரசின் ஒப்புதலுடன் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் அமைந்தது; அந்த ஆட்டங்களுக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசையும் தோன்றியது. திறமையுள்ள பிள்ளை தெருமுனைக் கூடத்தில் தொடங்கி, போட்டிகளில் வென்று, அணியில் சேர்ந்து, நாடறியும் வீரனாக உயர ஒரு வழி உண்டாயிற்று.

அவ்வழியில் வந்தவர்தான் 'ஃபேக்கர்' என்று உலகம் அழைக்கும் லீ சாங்-ஹியோக். 1996-ல் பிறந்த இவர், 2013-ல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை விட்டு அணியில் சேர்ந்து, அதே ஆண்டில் உலகப் பட்டம் வென்றார். 2015, 2016, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் வென்று ஆறு பட்டங்கள் பெற்றார். 2016-க்கும் 2023-க்கும் இடையே அவருக்கு ஓர் உலகப் பட்டமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே எங்களுக்கு வெற்றிகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் "ஃபேக்கர் பள்ளியை விட்டார், நாங்களும் விடுகிறோம்" என்று எவரேனும் சொன்னால் அது பேதைமை. படிப்பை விட்டவர் பலர் இருக்கலாம். ஃபேக்கர் ஆனவர் ஒருவரே.

கொரியாவின் கதையில் இருளும் உண்டு. சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கி வேண்டுமென்றே தோற்ற குற்றத்துக்காக, 2010-ல் பதினோரு வீரர்களை மேற்சொன்ன சங்கம் வாழ்நாள் முழுவதும் விலக்கியது. அடுத்த ஆண்டு, 2011-ல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய ஆட்டங்கள் ஆடக் கூடாது என்று சட்டம் வந்தது. அதைப் படித்தபோது, "நல்ல சட்டம்தானே!" என்று நாங்களே சொன்னோம்.

ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் கேளுங்கள். 2012-ல் லீ சுங்-ஹ்யன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், எங்கள் வயதே உடையவன், கொரியாவின் மிகப்பெரிய ஸ்டார்கிராஃப்ட் போட்டியில் பட்டம் வென்றான். அதே ஆண்டில் வெளிநாட்டுப் போட்டி ஒன்றின் தகுதி ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது நள்ளிரவு ஆயிற்று. சட்டப்படி அவன் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் சரியாகச் செய்தது. நான்கு ஆண்டுகள் சென்றன. 2016-ல் அதே இளைஞன், பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றதாக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றான். அவனுடைய ஆட்ட வாழ்வு பத்தொன்பது வயதில் முடிந்தது.

இச்செய்தியைப் படித்த அன்று எங்களில் சிலர் நெடுநேரம் பேசவே இல்லை. சட்டம் கடிகாரத்தைக் காத்தது. கடிகாரம் பிள்ளையைக் காக்கவில்லை. பதினைந்து வயதில் புகழும் பணமும் வந்து குவியும்போது, "இது நல்லது, இது தீயது" என்று அருகிலிருந்து சொல்லும் ஒருவர் வேண்டும். அந்த வேலையை எந்தப் பூட்டும் செய்யாது.

கொரியாவும் இதை உணர்ந்தது. 2022 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தை நீக்கி, நேரத்தை வரையறுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் விட்டது. 2019-ல் சியோல் நகரில் 'ஜென்.ஜி' என்னும் அணி, ஒரு கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து, பள்ளிப் பாடமும் ஆட்டப் பயிற்சியும் ஒரே இடத்தில் தரும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 2021 முதல் கொரியாவின் முதன்மை லீக்கில் உள்ள பத்து அணிகளும் இளையோருக்கான இரண்டாம் அணியையும் நடத்தும் முறை வந்தது. ஒரே நாளில் உச்சிக்கு ஏற்றிவிடாமல், படிப்படியாக ஏற்றும் முறை இது.

பெண்களுக்கு இந்தப் படிக்கட்டு இன்னும் செங்குத்தானது. கிம் சே-யோன் என்னும் கொரியப் பெண் 'கெகுரி' என்ற பெயரில் 'ஓவர்வாட்ச்' ஆடியவர். கெகுரி என்றால் கொரிய மொழியில் தவளை. 2016-ல், பதினேழு வயதில், இவர் குறிவைத்த துல்லியத்தைக் கண்ட சில வீரர்கள், "கள்ள மென்பொருள் இல்லாமல் இப்படி ஆட முடியாது" என்று பழி சுமத்தினர். இவர் அழுது ஒதுங்கிவிடவில்லை. படப்பிடிப்புக் கூடத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்க, ஒளிப்படக் கருவியின் முன் ஆடிக் காட்டினார். பழி பொய்த்தது. 2018-ல் ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் வீராங்கனையாக ஷாங்காய் அணியில் சேர்ந்தார். பெருமைதான். ஆனால் ஓர் ஆண்மகன் நன்றாக ஆடினால் கைதட்டுகிறார்கள். ஒரு பெண் நன்றாக ஆடினால் சான்று கேட்கிறார்கள். எங்கள் தோழியின் கதையும் கெகுரியின் கதையும் ஒன்றுதான். கெகுரிக்குச் சான்று காட்ட ஒரு மேடை கிடைத்தது. எங்கள் தோழிக்கு அது கிடைக்கவில்லை.

"கொரியா பணக்கார நாடு, நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு, நம் தமிழகத்திலேயே விடை இருக்கிறது. அதுதான் சதுரங்கம். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் அவர்கள், 1972-ல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் தால் சதுரங்க மன்றம் தோன்றக் காரணமாக இருந்தார். அன்னையிடம் காய் நகர்த்தக் கற்ற விசுவநாதன் ஆனந்த் அந்த மன்றத்தில் ஆடிப் பழகி, 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2001-ல் சென்னையின் விஜயலட்சுமி இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். 2024-ல் குகேஷ் பதினெட்டாவது வயதில் உலகச் சாம்பியன் ஆனார். மன்றம் தொடங்கியதற்கும் குகேஷின் வெற்றிக்கும் இடையே 52 ஆண்டுகள்! ஒரு வட்டாரத்தில் திறமை வளர்வது என்பது இதுதான். முதலில் ஒரு மேசை, ஒரு பலகை, சொல்லித்தர ஒருவர். பிறகு பல ஆண்டு உழைப்பு.

இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னிருந்து மகளை எழுப்பத்தான் வைஷாலியின் பெற்றோர் அவரைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்காளைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். திரையிலிருந்து மீட்க அவர்கள் கையாண்டது பூட்டு அல்ல. அதைவிட நல்லதொரு வழி. பிள்ளையின் ஆர்வத்துக்கு ஓர் ஆசிரியரைக் கொடுத்தார்கள்.

எனவே, எங்கள் வேண்டுகோளை இங்கே வைக்கிறோம்.

முதலாவதாக, நம் பள்ளியில் ஒரு மின்விளையாட்டு மன்றம் வேண்டும். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கணிப்பொறி அறையில், ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில் நடந்தால் போதும். வயதுக்கு ஏற்ற, கொடூரம் இல்லாத ஆட்டங்களை ஆசிரியைகளே தேர்ந்தெடுக்கட்டும். கால்பந்து ஆட்டமோ இணையச் சதுரங்கமோ எதுவாயினும் சரியே. முதல் அரைமணி நேரம் மைதானத்தில் உடற்பயிற்சி, பிறகு ஆட்டம், இறுதியில் தோல்விக்கான காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுதல். கண்ணும் மணிக்கட்டும் தோளும் கெடாமல் அமரும் முறையையும் கற்றுத் தர வேண்டும்.

இரண்டாவதாக, மன்றத்தில் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரில் ஆட வேண்டும். யாரேனும் தகாத சொல் பேசினால் உடனே சென்று சொல்லவும், சொன்னவளைக் குற்றவாளியாக்காமல் கேட்கவும் ஒருவர் இருக்க வேண்டும். இதை நாங்கள் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுகிறோம்.

மூன்றாவதாக, படிப்பை விட்டுவிட்டு ஆட எவரையும் அனுமதிக்கக் கூடாது. இந்த ஆட்டக்காரர்களில் பலர் இருபதுகளின் நடுவிலேயே ஓய்வு பெறுகிறார்கள். அதன்பின் நீண்ட வாழ்வு இருக்கிறது. வீராங்கனையாக வர இயலாதவள் நடுவராகலாம், தமிழில் வர்ணனை செய்யலாம், பயிற்சியாளராகலாம், ஆட்டங்களையே உருவாக்கும் பொறியாளராகலாம். தோற்றவளுக்கும் ஒரு வழி காட்டும் மன்றமே நல்ல மன்றம்.

நான்காவதாக, ஓட்டத்துக்கும் எறிபந்துக்கும் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடப்பதுபோல இதற்கும் நடத்தும் வழியை அரசு காண வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாத பிள்ளையும் பள்ளியின் கணிப்பொறியில் ஆடி மாநில அளவுக்கு வர வேண்டும். இல்லையேல் இது வசதி படைத்தவர்களின் விளையாட்டாகவே நின்றுவிடும்.

பெற்றோர்களே! உங்கள் அச்சத்தை நாங்கள் அறிவோம். இணைய ரம்மியால் நம் மாநிலத்தில் குடும்பங்கள் சிதைந்ததையும், அதனால் 2022-ல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியதையும் நாங்களும் படித்திருக்கிறோம். எங்கள் நலனுக்காகத்தான் பூட்டுகிறீர்கள். ஆனால் பீரோவுக்குள் போனது கைப்பேசி மட்டும் அல்ல. எங்கள் தோழி இப்போது வகுப்பில் முன்போல் பேசுவதில்லை. அவளுக்குத் தன் திறமையைவிட, தன் திறமையைப் பற்றிய வெட்கமே பெரிதாகிவிட்டது. மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி என்று இல்லாமல் இருவரையும் அருகில் அமர்த்தி, "நீ ஆடுவது என்ன, காட்டு" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதிப் பயிற்சி.

எங்கள் சகோதரிகளே, ஆசிரியப் பெருமக்களே! திறமையை மண்ணில் புதைத்து வைப்பது தவறு என்று எங்களுக்குச் சிறு வயது முதல் கற்பித்தவர்கள் நீங்கள். அந்தத் துணிவில்தான் இதை எழுதினோம். பெண்கள் ஓடக் கூடாது, மேடையேறக் கூடாது என்று சொன்ன காலத்தில் பெண் பிள்ளைகளை மைதானத்துக்கும் மேடைக்கும் அழைத்து வந்தவை இத்தகைய கன்னியர் பள்ளிகளே அல்லவா?

இறுதியாக ஒன்று. நாங்கள் பத்தாம் வகுப்பு. அரசுப் பொதுத்தேர்வு முடிந்ததும் இந்தப் பள்ளியை விட்டுப் போய்விடுவோம். மன்றம் தொடங்கினாலும் அதில் ஆட நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். ஆகவே இது எங்களுக்காகக் கேட்பது அல்ல. இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கும் எங்கள் தங்கையருக்காகக் கேட்கிறோம். அவர்களில் ஒருத்தியாவது தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் குரலில் பேசி ஆடட்டும். அவள் உலகப் பட்டம் வெல்லாவிட்டாலும் குறையில்லை. விளையாட்டு அவளுக்குக் கேடாகாமல் நல்வினையாகட்டும்!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு